அறுபத்தொன்றே கால்

ஆறாங்கட்டைத் தோட்டம் விற்றாகிவிட்டது.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தது,
செம்பனை போய் மாடி வீடுகள் வரப்போகின்றன.
கல்லறை இருக்கும் இடத்தில் நீச்சல்குளமாம்.
வரைபடத்தில் நீலமாய்த்தான் இருந்தது.

சபைச் செயலாளர் என்பதால் பட்டியல் என் தலையில்.
பெயர், இறந்த தேதி, உறவு, கையெழுத்து.
கம்பெனி கொடுத்த தாள்.
பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் கிராணிபோல்
விடியலில் லாலானுக்குள் இறங்கினேன்.
மரியநேசம், நாற்பத்தொன்பது, பிரசவத்தில்.
ஈசாக்குக் கங்காணி, காய்ச்சல்.
பெயர் அழிந்த சிமெண்டுச் சிலுவை ஒன்பது.
யாரும் பதில் சொல்லவில்லை.
எல்லாரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்,
எழுந்து உட்கார்ந்தால்
அவர் முகம் நேரே தெரியட்டும் என்று.

புதிய இடம் பீடோரில், லாரிப் பட்டறைக்குப் பின்னால்.
குழிகள் எல்லாம் தெற்கு வடக்கு; சாக்கடை அப்படிப் போகிறது.
"அந்த நாள்ல எந்திரிச்சு எம் புருசன்
பட்டறையத்தான் பாப்பாராக்கும்?" என்றாள் எப்சிபாள்.
வருகை எந்தத் திசையிலும் தெரியும் என்றார் போதகர்.
அவள் நம்பினதாய்த் தெரியவில்லை.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வந்து
சுவரில் படம் காட்டினான்:
ஏழு வருடம், ஆயிரம் வருடம், சிவப்பில் அம்புகள்.
மிருகம் கடலிலிருந்து ஏறும்போது கரண்டு போனது.
இருட்டில் பிஸ்கட் டின் மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது.

அருமைநாயகத்தின் இடது கால்
ஓரத்துக் கொய்யாவுக்கு அடியில் இருந்தது.
சர்க்கரை. தெலுக் இந்தானில் எடுத்தார்கள்,
ஜெபம் பண்ணித்தான் புதைத்தோம்.
இறந்த தேதி என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.

"டீச்சர், மரிச்சவங்கதானே முதல்ல எந்திரிப்பாங்க?
அப்ப நான் உசுரோட நாற்காலியில உக்காந்திருக்க,
எங் காலு எனக்கு முன்னால
மேகத்துல நொண்டிக்கிட்டுப் போகுமா?"

சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.
எனக்கும் ஒன்று போயிருக்கிறது, ஐந்தாம் மாதத்தில்.
அதே ஆஸ்பத்திரி.
கேட்கத் தெரியவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.
பெயர் வைக்காததை
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்?
அது தன்னைத்தான் என்று எப்படித் தெரிந்துகொள்ளும்?
பட்டியலின் கடைசியில் ஒரு வரி காலியாய் விட்டேன்.
கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

தோண்டும் நாளில் ரோஸ்லான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
மண்வெட்டியோடு இறங்கினான்.
சில பெட்டியில் பல், சிலதில் பித்தளைப் பொத்தான்,
மரியநேசத்தில் கறுத்த மண் மட்டும்.
அதையும் அள்ளினோம், இரண்டு கை.
கொய்யாவடிப் பெட்டியைத் திறந்ததும்
அருமைநாயகம் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.
"என்னோடதுதான்.
முப்பது வருசம் கிளட்ச் மிதிச்ச காலு,
பெருவிரல் கோணிக்கிட்டு நிக்குது பாருங்க."
அதோடு என்னமோ பேசினார், எங்களுக்குக் கேட்கவில்லை.

குத்தகைக்கார லிம் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர்.
விரல்விட்டு எண்ணிச் சொன்னார்:
"ஆளு அறுபத்தொண்ணு. காலுக்குக் கால் கூலி.
மொத்தம் அறுபத்தொண்ணேகால்."
குழிமேட்டில் அப்படி ஒரு சிரிப்பு.
அருமைநாயகத்துக்குப் புரை ஏறிவிட்டது.

அவருக்கு முழுக்குழி எடுத்தோம்.
கீழ்முனையில் கால், மேலே நாலடி காலி.
கிழக்கு எது என்று கேட்டார்.
மழை மூட்டம், சூரியன் இல்லை.
தொழுகைக்கு வைத்திருந்த திசைகாட்டியை
ரோஸ்லான் கைபேசியில் திறந்து,
தன் திசைக்கு முதுகு காட்டி நின்று,
கொஞ்சம் இடது, என்று கைநீட்டினான்.
பெட்டியைச் சாய்த்து வைத்தோம்,
குதிகால் பட்டறைப் பக்கம்,
விரல்கள் அந்தப் பக்கம்.